ஒரு பங்கு, ஒரு கை

நெடுங்கேணி
12.03.2025

இல்லை அக்கா, நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. அம்மாவை விட்டுக் கேக்காமல் நேர என்னட்டையே கேட்டிருக்கலாம். ஆனா என்ர நம்பரைத்தான் நீங்கள் மறிச்சு வைச்சிருக்கிறியளே. வாட்ஸ்அப்பிலயும் அதேதான். அதாலதான் தபால். முத்திரை கேட்டதுக்குத் தபால்கந்தோரில நிண்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் அரசாங்கம் விதைநெல் கூட்டுத்தாபனத்தைத் தனியாருக்கு விற்று, அது வடநிலம் விதைநெல் கம்பனி ஆனது உங்களுக்குத் தெரியும். கூட்டுத்தாபனத்துக்கு விதைநெல் செய்து கொடுத்த கமக்காரருக்கும், இங்கே நெடுங்கேணி ஆலையில் வேலை செய்தவர்களுக்கும் கொஞ்சம் பங்குகள் ஒதுக்கினார்கள். அதற்குக் கணக்குத் திறந்து கொடுத்தது நான். வவுனியாவில் இருக்கிற பங்கு முகவர் விஜிதரன் படிவங்களை அனுப்புவார். சந்தியில் நான் வேலைக்கு நிற்கிற கொமினிக்கேசன் கடையில் அதை நிரப்பி அனுப்புவோம். புரட்டாதியில் விதைப்புச் செலவு வந்தது. பங்கு பதினெட்டு ரூபாவில் நின்றது. எல்லாரும் விற்கச் சொன்னார்கள். விற்றுக் கொடுத்தேன். அதில என்ன பிழை?

நேற்று அறுவடைக் காசோடு கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கமக்கார அமைப்புத் தலைவர் சிற்றம்பலம் அண்ணை முன்னுக்கு. அவருக்குப் பின்னால் மீனம்மா அக்கா, ஆலையில் விதைநெல் துப்புரவு செய்கிற பெண்களோடு. சிற்றம்பலம் அண்ணை காசுக் கட்டைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"தம்பி, பங்கை மீட்க வந்தனாங்கள்."

எனக்கு விளங்கவே நேரம் எடுத்தது. அவர்களைப் பொறுத்தவரை அவர்கள் பங்கை விற்கவே இல்லை. ஒத்தி வைத்திருக்கிறார்கள். வயலை ஒத்தி வைத்தால் காசு தந்தவர் ஒரு போக விளைச்சலை எடுப்பார், அறுவடை முடிய அதே காசைக் கொடுத்தால் அதே வயல் திரும்பி வரும். பங்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள். வாங்கினவர் ஒரு போகத்துக்கு இலாபத்தைத் தின்னட்டும், மாசி பங்குனியில் மீட்டால் போச்சு என்று. ஒருவர் இரண்டு பேர் இல்லை, எல்லாருமே.

இண்டைக்குப் பங்கு முப்பத்தொரு ரூபா. நான் அதைச் சொல்ல, சிற்றம்பலம் அண்ணை தலையை ஆட்டிவிட்டு, "அது சந்தை விலை. என்ர பங்கை எடுத்தவர் ஆர்? எந்த ஊர்? வீட்டை போய்க் கதைப்பம்" என்றார்.

அவர்கள் அவசரப்படுகிறதுக்குக் காரணம் இருக்கிறது. ஆலை வாசலில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். நெடுங்கேணி ஆலையை மூடப் போகிறார்களாம். மூடுவதென்றால் பங்குதாரர் கூட்டத்தில் சம்மதம் வாங்கவேண்டும் என்பது கூட்டுத்தாபனத்தை விற்ற நேரம் போட்ட நிபந்தனை. கூட்டம் ஆனியில், கொழும்பில். ஆலை போனால் மீனம்மா அக்காக்களுக்கு வேலை இல்லை, எங்கட ஆக்கள் விதைநெல்லை வேற மாவட்டத்துக்கு ஏத்தவேணும். கூட்டத்தில் மறுத்துச் சொல்லத்தான் பங்கைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

நீங்கள் பங்குத் தரகர் கந்தோரில இருக்கிறியள். ஒரு வழி சொல்லுங்கோ. சொல்ல விருப்பமில்லாட்டி அதையும் எழுதி அனுப்புங்கோ.

சுகிர்தன்


வெள்ளவத்தை
20.03.2025

தம்பி,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். நீ கம்பஸை விட்டதற்காக உன் நம்பரை நான் மறிக்கவில்லை. இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு மூன்று மாதம் எனக்குச் சொல்லாமல் இருந்தாய். பெரியம்மாவின் மகள் சுமித்திரா சொல்லித்தான் அறிந்தேன். கேட்டபோது, "பணக்காரன்ர காசை எண்ணிச் சம்பளம் எடுக்கிறவளுக்கு என்ன விளங்கும்" என்றாய். அதற்காகத்தான். இப்போதைக்கு அது அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: வழி இல்லை. விற்றது விற்றதுதான். சிற்றம்பலம் அண்ணையின் பங்கை வாங்கியவர் என்று தனியாக ஒருவர் இல்லை. குளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அதே தண்ணீரைத் திருப்பி அள்ளித் தரச் சொல்வது போன்றது அவர் கேட்பது. இன்றைய விலைக்கு யாரிடமாவது வாங்கலாம். அதற்காக நகையை வைக்கும்படி நீ யாருக்கும் சொல்லிவிடாதே. ஏறிய விலை இறங்கவும் செய்யும்.

விஜிதரனைக் குற்றம் சொல்ல முடியாது. சொன்னதை அவர் சட்டப்படி செய்திருக்கிறார். நீயும் அப்படித்தான். ஆனால் அவர்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டியவன் நீதான். சுற்றி வளைக்காமல் சொல். உனக்கு அது நன்றாக வரும்.

இன்னொன்று. எங்கள் வாடிக்கையாளர்கள் பலரை எனக்குத் தெரியும். விலை ஏறினால் தங்கள் கெட்டித்தனம் என்பார்கள், இறங்கினால் என் பிழை என்பார்கள். விற்ற பொருளை மீட்கவேண்டும் என்று அறுவடைக் காசை வேறு எதற்கும் தொடாமல் முதல் வேலையாகக் கொண்டுவந்து வைத்த ஆட்களை நான் இந்தத் தொழிலில் கண்டதில்லை. உன் கடிதத்தின் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் மேலே வாசித்தேன்.

அம்மாவைப் பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

சாரங்கா


நெடுங்கேணி
31.03.2025

சொல்லிப்போட்டன். அடி விழேல்லை.

கமக்கார அமைப்புக் கட்டடத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். நீங்கள் எழுதின வாளிக் கதையையும் சொன்னேன், உங்கட பேரைச் சொல்லாமல். சொல்லி முடிய சிற்றம்பலம் அண்ணை, பக்கத்துக் காணிக்காரனுக்குச் சொல்லாமல் காணி விற்றால் வழக்குப் போடலாமே, இதற்கு அப்படி ஒன்றும் இல்லையா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஒரு பெடியன் எழும்பி, வவுனியாவுக்குப் போய் விஜிதரனைப் பிடிப்போம் என்றான். இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள்.

மீனம்மா அக்கா இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே சொன்னா: "அந்தப் புள்ள என்னா பண்ணும்? கையெழுத்துப் போட்டது நாமதானே. படிச்சுக் காட்டச் சொல்லி ஒருத்தராவது கேட்டமா?"

பெடியன் இருந்துவிட்டான்.

அக்கா, இந்த மனிசியை உங்களுக்கு நினைவிருக்காது. தாய் தகப்பன் ஹற்றன் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள், கலவரத்துக்குப் பயந்து இங்கே வந்து காடு வெட்டி இருந்தவர்கள். அவாவின் வீட்டுக் காணிக்கு இன்னும் உறுதிப் பத்திரம் இல்லை. ஒவ்வொரு பிரதேச செயலாளர் மாறும்போதும் புதிதாக விண்ணப்பம் எழுதுகிறா. எழுதிக் கொடுக்கிறது நான். அவாவின் பெயரில் எழுத்தில் இருந்த ஒரே சொத்து அந்தக் கம்பனிப் பங்குதான். காற்றுக்குப் போன கூரைத் தகரத்தை மாற்றத்தான் அதைக் கொடுத்தா. மீட்கலாம் என்று நம்பித்தான். நான் என்றால் அந்த இடத்தில் கதிரையைத் தூக்கி எறிந்திருப்பேன். அவா செய்தது என்ன தெரியுமோ? கேள்வி கேட்டா.

"ஏன் தம்பி, அந்தக் கூட்டத்துக்கு உள்ள போவ எத்தன பங்கு வச்சிருக்கணும்?"

எனக்குத் தெரியாது. கம்பஸில் இருந்த இரண்டு வருடத்தில் அது ஒருத்தரும் சொல்லித் தரவில்லை, அல்லது நான் அன்றைக்குப் போகவில்லை. அவா விடவில்லை. எங்கட விதைப்புக் கூட்டத்தைப் போலத்தானா என்று கேட்டா. உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்: குளத்துத் தண்ணியை எப்பத் திறக்கிறது, எந்த நெல் விதைக்கிறது என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் பத்து ஏக்கர்காரருக்கும் ஒரு கை, அரை ஏக்கர்காரருக்கும் ஒரு கை.

சிற்றம்பலம் அண்ணை சிரித்தார். "எடி பிள்ளை, கொழும்புக்காரன் கையையோ எண்ணுவான்? காசையெல்லோ எண்ணுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவாவும் சிரித்துவிட்டுச் சொன்னா, "கேட்டுப் பாக்குறதுக்குக் காசா கேக்கப் போறாங்க?"

சரி, கேக்கிறன். எத்தினை பங்கு வேணும்? கையை எண்ணுவினமோ, காசையோ?

சுகிர்தன்


வெள்ளவத்தை
10.04.2025

தம்பி,

ஒன்று.

ஒரு பங்கு இருந்தால் போதும். நூறு வைத்திருப்பவரும் லட்சம் வைத்திருப்பவரும் நுழைகிற அதே கதவால் அவரும் நுழையலாம். இந்தக் கம்பனியின் விதிகள் அடங்கிய யாப்பை எடுத்து வாசித்தேன். தீர்மானத்தை முதலில் கைகளை உயர்த்தித்தான் கேட்பார்கள். அப்போது வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கைதான். மீனம்மா அக்கா கேட்டது சரி. எனக்கே இது ஏட்டில் வாசித்த ஞாபகம்தான். எங்கள் கந்தோரில் யாரும் இதைப்பற்றி நினைப்பதே இல்லை, ஏனென்றால் கூட்டத்துக்கு யாரும் போவதே இல்லை.

ஆனால் முழுவதையும் வாசி. கை எண்ணி முடிந்த பிறகு, கம்பனித் தலைவரோ பெரிய பங்காளர் தரப்போ வாக்குச் சீட்டுக் கேட்கலாம். கேட்டால் கைகள் செல்லாது. பங்குகளைத்தான் எண்ணுவார்கள். பாதிக்கு மேல் அவர்களிடம் இருக்கிறது. ஆகவே சிற்றம்பலம் அண்ணை சொன்னதும் சரி. இரண்டையும் அவர்களுக்குச் சொல். வெல்லலாம் என்று சொல்லாதே.

வைகாசி முடிவதற்குள் பெயர் பதிவில் இருக்கவேண்டும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் அடையாள அட்டையைக் கொண்டுவரவேண்டும். நான் எழுதியது எவரும் வாசிக்கக்கூடிய விடயம்தான், என்றாலும் என் பெயரை வெளியே விடாதே. அந்தப் பெரிய பங்காளர் எங்கள் வாடிக்கையாளர்.

ஒரே ஒரு பங்கு வாங்குவதற்கு இங்கே ஒருவரும் வருவதில்லை. வந்தால் சிரிப்பார்கள். அதையும் தெரிந்து வைத்துக்கொள்.

சாரங்கா


நெடுங்கேணி
21.05.2025

சிரிக்கட்டும். எங்களுக்கென்ன.

நீங்கள் எழுதினதை இரண்டு பக்கத்தையும் சொன்னேன். வாக்குச் சீட்டுக் கேட்டால் தோற்போம் என்பதை இரண்டு தரம் சொன்னேன். கொஞ்ச நேரம் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு சிற்றம்பலம் அண்ணை சொன்னார், அறுவடைக் காசைப் பங்கில் போடுகிறதில்லை, அது சிறுபோகத்துக்கு இருக்கட்டும். ஆளுக்கு ஒன்று வாங்குவோம். முந்திப் பங்கு வைத்திருந்தவர்கள் மட்டும் இல்லை, வாங்காதவர்கள், கேள்விப்படாதவர்கள் எல்லாரும். ஒரு பங்கின் விலை இங்கே ஒரு பிளேன்ரீயின் விலையை விடக் குறைவு.

அன்றிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. போனுக்கு ரீலோட் போட வருகிறவன் திரும்பிப் போகிறான். கனகராயன்குளத்திலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏறி வந்தார்கள். உடையார்கட்டில் விதைநெல் செய்கிறவர்கள் கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தார்கள். முதல் நாள் விஜிதரன் போன் எடுத்து, பூச்சியங்களைப் போட மறந்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை, ஒன்றுதான் என்றேன். எல்லாருக்குமா? எல்லாருக்கும்தான். அடுத்தநாள் மோட்டார்சைக்கிளில் படிவக் கட்டோடு தானே வந்து இறங்கினார். தன்னைப் பிடிக்க வர இருந்த பெடியனுக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துக் காட்டி, விளங்கினதா என்று கேட்டுக் கேட்டு நிரப்பினார். அவரிலயும் எனக்கு ஒரு மரியாதை வந்திட்டுது, சொல்லாமல் இருக்கேலாது.

சிற்றம்பலம் அண்ணை தன் கணக்கிலேயே இரண்டு வாங்கப் பார்த்தார், ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு. இரஞ்சிதம் அன்ரி படிவத்தை அவர் கையிலிருந்து பறித்தா.

"வயல் உங்கட பேரில. மாடு உங்கட பேரில. இதாவது என்ர பேரில கிடக்கட்டும்."

சனம் கை தட்டியது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மீனம்மா அக்கா விலை கேட்டா. முப்பத்தொன்று என்றேன். "முப்பதுக்குக் குடுக்க மாட்டாங்களா?" என்றா. நான் சிரித்துவிட்டு, முப்பதுக்குக் கேட்டு வைக்கலாம், யாராவது அந்த விலைக்கு இறங்கினால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை என்றேன். அப்படியே போடச் சொன்னா. ஒரு ரூபாவுக்கு அக்கா! தினமும் வேலை முடிய, தலையில் நெல் உமியோடு வந்து, இறங்கினாங்களா என்று கேட்பா. மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். வெள்ளிக்கிழமை முப்பதுக்குக் கிடைத்தது. அன்றைக்குச் சந்தி முழுக்க அதே கதைதான். அடுத்த நாளில் இருந்து வருகிறவர்கள் எல்லாரும் முப்பதுக்குத்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். விஜிதரன் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார்.

நான் கம்பஸை ஏன் விட்டனான் எண்டு நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை. ஏன் சொல்லேல்லை எண்டுதான் கேட்டனீங்கள். அங்க பங்குச் சந்தை எண்டு ஒரு பாடம் இருந்தது. கரும்பலகையில ஒரு கோடு மேல போகும், கீழ வரும். அந்தக் கோட்டில ஒரு மனிசரும் இல்லை. எனக்கு நித்திரை வந்தது. இப்ப வருகுதில்லை.

இரண்டு பஸ் பிடித்திருக்கிறோம். ஆனி மாதக் கூட்டத்துக்கு வருகிறோம்.

சுகிர்தன்


வெள்ளவத்தை
27.06.2025

தம்பி,

மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீ நிற்பதைப் பார்த்தேன். மீன் வைத்த மாலுபாணைச் சாப்பிட்டுக்கொண்டு உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாய். நான் வெளியே வர நினைத்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். முடிந்ததும் மதியத்துக்கு முன் கந்தோருக்குப் போகவேண்டியிருந்தது. இத்தனை பேருக்குப் பங்கு வாங்கிக் கொடுத்த உனக்கு ஒன்றுகூட இல்லையா?

என்னிடம் ஒன்று இருந்தது. கந்தோரில் முறைப்படி அனுமதி கேட்டேன். ஒரு பங்கா என்று மேலாளர் சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். வைகாசி முழுவதும் எங்கள் திரையில் அந்தக் கம்பனிக்கு நேரே ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கணினியைச் சோதிக்கிறார்கள் என்றார்கள். நான் மட்டும் ஒவ்வொரு ஒன்றையும் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடந்ததை நீ பலர் சொல்லக் கேட்டிருப்பாய். நான் கண்டதையும் எழுதுகிறேன்.

முன்வரிசையில் கம்பனி ஆட்களும் பெரிய பங்காளர் தரப்பும். மற்ற எல்லாக் கதிரையிலும் நம்மவர்கள். இடம் போதாமல் சுவரோரமாக நின்றவர்களும் உண்டு. பயணக் களைப்பு முகத்தில் இருந்தது, ஆனால் எல்லாரும் தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி இருந்தார்கள். கம்பனித் தலைவர் ஆங்கிலத்தில் தீர்மானத்தை வாசித்து, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். முன்வரிசை உயர்த்தியது. எதிர்ப்பவர்கள் என்றார். மண்டபம் உயர்த்தியது.

அவர் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டப் போனார். சிற்றம்பலம் அண்ணை எழுந்தார். எழுந்தவர் கையை இறக்கவில்லை.

"ஐயா, இன்னும் எண்ணேல்லை."

விதைப்புக் கூட்டத்தில் உத்தியோகத்தர் வரிசை வரிசையாக எண்ணி முடிக்கும்வரை கையை இறக்கமாட்டார்களே, அதேபோல் அத்தனை பேரும் கையை உயர்த்தியபடி இருந்தார்கள். வயதானவர்கள் ஒரு கைக்கு மற்றக் கையால் முட்டுக் கொடுத்தார்கள். இரஞ்சிதம் அன்ரி கணவனுக்குப் பக்கத்தில் இருக்காமல் வேறு வரிசையில் இருந்தா, தன் கையைத் தனியாக எண்ணவேண்டும் என்றோ என்னவோ. கடைசியில் கம்பனிச் செயலாளர் இறங்கி வந்து வரிசை வரிசையாக நடந்து எண்ணினா. மண்டபத்தில் அவவுடைய சப்பாத்துச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்த நகரத்தில் எத்தனையோ கோடிகள் கைமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். என் உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு நான் பயந்தது நடந்தது. பெரிய பங்காளரின் சட்டத்தரணி எழுந்து வாக்குச் சீட்டுக் கேட்டார். அது தமிழில் வாய்க்கு வாய் போய்ச் சேர்ந்ததும் மண்டபம் முணுமுணுத்தது. அப்போது மீனம்மா அக்கா எழுந்தா.

"ஐயா, சீட்டுக் குடுத்தா நீங்கதான் ஜெயிப்பீங்க. அது தெரிஞ்சுதான் வந்தோம். அதுக்கு முன்னால எங்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. எதுக்கு எங்க ஆலைய மூடுறீங்க?"

யாரோ ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார், பிறகு இரண்டு பக்கப் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொன்னார். தலைவர், ஆலைக்கு நெல் வருவதில்லை, போன இரண்டு போகமும் பாதி ஆலை சும்மா கிடந்தது, உங்கள் ஆட்களே வெளி வியாபாரிக்கு விற்கிறார்கள் என்றார். அது உண்மை. ஒருவரும் மறுக்கவில்லை. சிற்றம்பலம் அண்ணைதான் சொன்னார்: "ஓம், விக்கிறம். அவன் நெல்லை நிறுத்த உடனை காசு தாறான். நீங்கள் மூண்டு மாசம் இழுக்கிறியள். கிழமைக்குள்ள தாங்கோ, நெல்லு வரும்."

தலைவர் முன்வரிசைக்குக் குனிந்து ஏதோ கேட்டார். சட்டத்தரணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தலைவர் அவரைப் பார்க்காமல் நிமிர்ந்து, தீர்மானத்தை ஒரு வருடத்துக்குப் பின்போடுவதாகச் சொன்னார். நெல்லை நிறுத்து ஒரு கிழமைக்குள் காசு. ஆனால் வரும் சிறுபோக நெல்லால் களஞ்சியம் நிரம்பவேண்டும். நிரம்பாவிட்டால் அடுத்த வருடம் கை எண்ண மாட்டோம், நேரே சீட்டுத்தான் என்றார்.

அவர் கடுமையான மனிதர். ஆனால் அந்த மண்டபத்தை அவர் ஒரு கணம் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். அவருக்கும் என்னைப் போலவேதான் இருந்திருக்கும்.

இனி விடயம் உங்கள் கையில். நெல் வருமா, தம்பி?

சாரங்கா


நெடுங்கேணி
30.08.2025

மறந்து போனன் அக்கா, அவ்வளவுதான். எல்லாருக்கும் வாங்கி முடிய, கடைசி நாள் எனக்கு வாங்கவேணும் எண்ட நினைப்பே வரேல்லை. கதவடியில நிக்கேக்கைதான் விளங்கினது. மாலுபாண் நல்லா இருந்தது.

"யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார்" எண்டு எழுதியிருக்கிறியள். பஸ்ஸில் வவுனியா வரும்வரைக்கும் எல்லாரும் அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் கதைத்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, குரல் நடுங்க நடுங்கத் தொடங்கி, பிறகு நடுங்காமல், மீனம்மா சொன்ன ஒரு சொல்லையும் விடாமல் சொன்னதாம். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பித் திரும்பி அந்தப் பிள்ளையை முறைத்தாராம். பெரிய பங்காளரின் ஆளாக இருக்கும். "அந்தப் புள்ள யாருன்னு தெரியல, சாமி மாதிரி எழும்புச்சு" என்றா மீனம்மா அக்கா. சிற்றம்பலம் அண்ணைதான் உங்களை அடையாளம் கண்டவர், முகத்தில அப்பாவின்ர அதே நாடியாம். எனக்கு அண்டைக்குப் பெரிய பெருமை. உங்கட வேலைக்கு ஏதும் வந்ததோ? அம்மா கேட்டதுக்கு இல்லை எண்டீங்களாம். எனக்கு உண்மையை எழுதுங்கோ. அந்த நாள் கம்பஸ் விசயத்தில நான் சொன்னது மோட்டுக் கதை.

நெல் வருமா என்று கேட்டீங்கள். இரண்டு மாதமாக எனக்கும் அதே கேள்விதான். அறுவடை தொடங்கியதும் வெளி வியாபாரிகளுக்கு விடயம் தெரிந்துவிட்டது. லொறிகளை வயல் வரம்பு வரைக்கும் கொண்டுவந்து, கம்பனியை விட மூட்டைக்குக் கூடத் தருவதாகச் சொன்னார்கள், கையில் காசு. சனம் ஒன்றும் சொல்லவில்லை. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மண்டபத்தில் கை தூக்குகிறது வேறு, வீட்டில் கடன்காரன் நிற்கும்போது கூடின காசை விடுகிறது வேறு. நான் ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இந்தப் போகத்துக்கு ஆலை இன்றைக்குத்தான் திறந்தது. இதை ஆலை வாசலில் தராசுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். விடிய வந்து மீனம்மா அக்காவும் மற்றவர்களும் களஞ்சியத்தைக் கூட்டிக் கழுவி, சாக்குகளை உதறிப் போட்டுவிட்டு இருக்கிறார்கள். எதிரே வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு வியாபாரியின் லொறி. பின்கதவைத் திறந்து வைத்து, பலகையில் விலையை எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். பத்து மணி வரைக்கும் ஒருவரும் வரவில்லை. அவன் எங்களைப் பார்த்து வெற்றிலை வேண்டுமா என்று கேட்டான். மீனம்மா அக்கா வாங்கிப் போட்டா. "வெத்தல மேல என்னா கோவம்?" என்றா.

இப்ப, நான் மேல உள்ள வரியை எழுதேக்கை, ஒரு ட்ரக்டர் வந்தது. விஜிதரனைப் பிடிக்க வேண்டும் என்று எழும்பின பெடியனின் தகப்பனுடையது. பெட்டி நிறைய நெல். லொறிக்கு முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தான் பெடியன். பலகையை வாசித்தான். வடிவாக வாசித்தான் அக்கா, இரண்டு தரம். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து வாசலுக்குள்ளே விட்டான்.

அவனுக்குப் பின்னால் சிற்றம்பலம் அண்ணையின் ட்ரக்டர், மேலே மூட்டைகளில் இரஞ்சிதம் அன்ரி. அதற்குப் பின்னால் இரண்டு லான்ட்மாஸ்டர். வளைவு வரைக்கும் தூசிதான் தெரிகிறது, தூசிக்குள் இன்னும் சத்தம் கேட்கிறது. எத்தினை எண்டு தெரியேல்லை. லொறிக்காரன் இறங்கி நிண்டு பார்க்கிறான்.

மீனம்மா அக்கா கூப்பிடுறா. சாக்குக்கு வாய் பிடிக்க ஆள் காணாதாம். நான் போகவேணும்.